சூரமங்கலத்துத் துருத்தி

காளியண்ணன் கூண்டு கட்டிய லாரிக்குள் மழை இறங்கியதாக நாமக்கல்லில் இதுவரை யாரும் சொன்னதில்லை. அடைமழையில் அசாம் வரைக்கும் சிமெண்டு ஏற்றிப் போன வண்டியில்கூட ஒரு மூட்டை இறுகியதில்லை. அதற்கு அவர் பெரிய மந்திரம் எதுவும் செய்யவில்லை. கூண்டு முடிந்ததும் வண்டியை உச்சி வெயிலில் நிறுத்தச் சொல்லி, தான் மட்டும் உள்ளே ஏறி, கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்லிவிடுவார். உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டில் ஊசி முனை அளவு வெளிச்சம் எங்கே தெரிந்தாலும் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். வெளிச்சம் புகுந்த இடத்தில் தண்ணீரும் புகும் என்பது அவர் கணக்கு. வட்டமெல்லாம் அடைபடும் வரைக்கும் வண்டி பட்டறை வாசலைத் தாண்டாது. லாரிக்காரர் வெளியே நின்று எவ்வளவு குதித்தாலும் சரி.

இப்படி ஊரான் வண்டி ஓட்டையெல்லாம் அடைத்த மனிதருக்கு, இரண்டு வருஷமாகத் தூக்கம் வரவில்லை.

அவர் மனைவி முத்தாயம்மாளுக்கு மூச்சிழுப்பு. கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சத்தம் காளியண்ணனுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. உள்ளே இழுக்கும்போது மெல்லிசாக ஒரு விசில், நடுவில் ஒரு சின்ன நிறுத்தம், பிறகு மணலைச் சரித்தது மாதிரி ஒரு பெருமூச்சு. ஊசி, கசாயம், வாயில் வைத்து அழுத்தும் பம்பு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. சத்தம் போகவில்லை, எரிச்சல்தான் போயிற்று. கொஞ்ச காலத்தில் அந்தச் சத்தம் இல்லாமல் அவரால் கண்ணை மூட முடியாது என்று ஆகிவிட்டது. வெளியூருக்கு மரம் எடுக்கப் போனால் லாட்ஜில் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்துவிட்டு வருவார். கேட்டால் கொசு என்பார்.

ஒரு நாள் விடியற்காலையில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. அரைத்தூக்கத்தில் இருந்த காளியண்ணன், ‘அப்பாடா, இன்னைக்குத்தான் சரியாச்சு’ என்று நினைத்தார். நினைத்து, புரண்டு படுத்து, சுகமாகத் தூங்கினார். விடிந்த பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து அவருக்கு நிசப்தம் என்றால் பயம். ஃபேனை வேகமாக வைத்துப் பார்த்தார். டி.வி.யை ஓடவிட்டுப் பார்த்தார். ஈரோட்டில் இருக்கும் மகள் வித்யா வாங்கி அனுப்பிய மாத்திரையையும் போட்டுப் பார்த்தார். மாத்திரைக்குக் கண் மூடியது, காது மூடவில்லை. தேடிக்கொண்டே கிடந்தது.

அப்படிப்பட்ட சமயத்தில்தான் சூரமங்கலத்திலிருந்து அந்த வேலை வந்தது.

சேலம் ஜங்ஷனுக்குப் பின்னால், புங்க மரங்களுக்கு நடுவில், ரயில்வேக்காரர்களுக்காகக் கட்டிய பழைய சர்ச் ஒன்று இருக்கிறது. அதற்குள் பீடத்துக்கு இடப்பக்கம் ஒரு சுவர் முழுக்க நிற்கிற பைப் ஆர்கனை, முப்பது வயசுக்குக் கீழே இருக்கிற சபையார் ஒருவரும் கேட்டதில்லை. பெரிய மர அலமாரியில் ஆள் உயரத்துக்கும் மேலாக ஈயக் குழல்கள் வரிசையாக நிற்கும். புதிதாக வருகிற குழந்தைகள் அதை ஏதோ அலங்காரம் என்றே நினைத்தன. சபைக்கு வாசிப்பவர் டோர்கஸ் டீச்சர். ரயில்வே பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்டாண்டில் வைத்த கீபோர்டில் வாசித்துவிட்டு, போகும்போது அந்த ஊமைக் குழல்களைத் துடைத்துவிட்டுப் போவார். அவருடைய நச்சரிப்பு தாங்காமல் ஆயர் கடைசியில் சம்மதித்தார். சென்னையிலிருந்து விவரம் தெரிந்த ஒருவர் வந்து, சுதி சேர்க்கிற வேலைக்கு மறுபடி வருவதாகவும், அதற்குள் மரமும் தோலும் தகரமும் தெரிந்த ஆளை வைத்துக் காற்று ஒழுகாமல் செய்து வைக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார். ஒழுகாமல் என்ற வார்த்தை காதில் விழுந்ததும், சபையில் இருந்த லாரி முதலாளி ஒருவர் கையைத் தூக்கி, நாமக்கல் காளியண்ணன் என்றார்.

காளியண்ணனுக்கு சர்ச்சுக்குள் கால் வைத்த பழக்கமில்லை. செருப்பை எங்கே விடுவது, கும்பிடுவதா வேண்டாமா என்று வாசலில் கொஞ்சம் தடுமாறினார். பிறகு அலமாரியின் பின்கதவைத் திறந்து காட்டினார்கள். உள்ளே இருந்ததைப் பார்த்ததும் தடுமாற்றமெல்லாம் போய்விட்டது. கட்டில் அகலத்துக்கு ஒரு துருத்தி, அதன் மேல் பாரத்துக்கு வைத்த இரும்புக் கட்டிகள், அதிலிருந்து புறப்படும் மரக்குழாய்கள். அட, இது நம்ம சாமான் என்று அவருக்குத் தோன்றியது. கூட வந்த பட்டறையாள் அம்மாசியைப் பார்த்தார். அம்மாசி ஏற்கெனவே சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஏர் பிரேக் குழாயில் எங்கே காற்று கசிந்தாலும் சோப்பு நுரை தடவிக் கண்டுபிடிக்கிறவன் அவன்.

குழல்களைக் கழற்றிக் கழற்றிப் பெஞ்சுகளின் மேல் படுக்க வைக்கிறபோது டோர்கஸ் டீச்சர் கதை சொல்லிக்கொண்டே இருந்தார். இதெல்லாம் வைக்கோலுக்குள் படுத்துக் கப்பலில் வந்ததாம். ஜங்ஷனில் பெட்டியைப் பிரித்த கூலிக்காரர்கள், வெள்ளைக்காரன் பீரங்கி கொண்டுவந்துவிட்டான் என்று ஊருக்குள் சொல்லிவிட்டார்களாம். கரண்டு வருவதற்கு முன்னால் பின்பக்கம் ஒரு ஆள் நின்று நெம்புகோலை அழுத்தித் துருத்திக்குக் காற்று கொடுக்க வேண்டும். நீளமான பிரசங்கத்தில் அந்த ஆள் உறங்கிப்போவான். அப்புறம் வருகிற கீர்த்தனை சாகிற மாட்டின் குரலில் எழும்பும். பிறகு மோட்டார் வந்தது. ஒரு கோடையில் கரண்டு ஏறி இறங்கியதில் மோட்டார் கருகிப்போனது. சரி செய்ய ஆளில்லாமல் கீபோர்டு உள்ளே வந்தது. அணில்கள் அலமாரிக்குள் குடியேறின. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் சின்னக் குழல்களைப் பிடுங்கிப்போய் ஊதி விளையாடினார்கள்.

அந்தக் குழல்கள் திரும்பி வந்ததுதான் வேடிக்கை. யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள், ஒன்றும் கேட்கமாட்டோம் என்று ஆயர் ஆராதனையில் அறிவித்தார். அடுத்த வாரத்திலேயே பழைய துணியில் சுற்றி, பைக்குள் ஒளித்து, ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. ஒன்று பூந்தொட்டிக்கு முட்டுக் கொடுத்திருந்தது. ஒன்றை ரயில்வே குவார்ட்டர்ஸில் விறகு அடுப்பு ஊத வைத்திருந்தார்கள். ஒரு முனை கரி பிடித்து, மறுமுனை வாய் பட்டுப் பட்டுப் பளபளப்பாக இருந்தது. டீச்சர் அதை முந்தானையால் துடைத்து, உதட்டில் வைத்து மெதுவாக ஊதினார். சுத்தமான ஒற்றைச் சுரம் சர்ச் முழுக்க நடந்துபோய்க் கூரையில் உட்கார்ந்தது. இத்தனை வருஷம் அடுப்பை ஊதியும் அது தன் சுரத்தை மறந்திருக்கவில்லை. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாசி வேலையை விட்டுவிட்டு வாயைப் பிளந்து நின்றான்.

மோட்டாருக்கு நாமக்கல்லில் புதிதாகக் காயில் கட்டிக் கொண்டுவந்து பொருத்தினார்கள். எங்கெங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பதற்காக ஒரு மத்தியான வேளையில் முதல்முறையாக ஓடவிட்டார்கள். துருத்தி நடுங்கிக்கொண்டே எழுந்தது. எல்லாப் பக்கமிருந்தும் காற்று சீறியது. குளவிக்கூட்டு மண்ணும் அணில் சேர்த்த தென்னை நாரும் பறந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவில் காளியண்ணனின் காது எதையோ பிடித்தது.

மெல்லிசாக ஒரு விசில். ஒரு சின்ன நிறுத்தம். பிறகு மணல் சரிகிற பெருமூச்சு. துருத்தி ஒரு விரற்கடை தாழ்ந்தது, மறுபடி எழுந்தது. மறுபடி அதே விசில்.

அவர் பின்னால் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் இருந்தார். ஜன்னலின் கலர்க் கண்ணாடி வழியாக வந்த மஞ்சளும் நீலமும் அவர் வேட்டியின் மேல் விழுந்து கிடந்தன. அவை எப்போது நகர்ந்து சுவருக்குப் போயின என்று அவருக்குத் தெரியாது. அம்மாசி தோளைத் தொட்டு எழுப்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது, மோட்டார் நிறுத்தப்பட்டிருந்தது, அவர் தோள் துண்டெல்லாம் எச்சில். தூக்கத்தில் அவர் ஒரு லாரிக் கூண்டுக்குள் இருந்தார். கும்மிருட்டு. தகரமெல்லாம் ஓட்டை, ஓட்டையெல்லாம் நட்சத்திரம் மாதிரி வெளிச்சம். பக்கத்தில் யாரோ படுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் சட்டைப்பையைத் துழாவினார், சாக்பீஸ் இல்லை. அது இல்லாதது அவருக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி முடியாது.

அதற்குப் பிறகு காளியண்ணன் செய்ததைப் பட்டறைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். தினமும் மத்தியானச் சாப்பாடு ஆனதும், சோதித்துப் பார்க்க வேண்டும் என்று மோட்டாரைப் போடச் சொல்வார். அம்மாசி பக்கெட்டில் சோப்பைக் கலக்கிக்கொண்டு துருத்தியின் மடிப்பு மடிப்பாக நுரை தடவுவான். கொப்புளம் கிளம்பிய இடத்தில் சாக்பீஸ் வட்டம். முதலாளி பின்பெஞ்சில் படுத்துத் தூங்குவார். சாயங்காலம் எழுந்து, வட்டம் போட்ட இடங்களில் ஆட்டுத்தோலை வெட்டி ஒட்டுவார். ரெக்சின் போட்டுவிடலாம் என்று முதலில் சொன்னவர்தான். டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோலுக்கு மாறினார்.

ஒவ்வொரு சந்தாக அடைபட, இரைச்சல் குறைந்துகொண்டே வந்தது. மற்ற சீறலெல்லாம் ஒவ்வொன்றாக விடைபெற்றுப் போக, கடைசியில் அந்த ஒரு மூச்சு மட்டும் தெளிவாகத் தனித்து நின்றது. கூட்டமெல்லாம் கலைந்த பிறகு வீட்டில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சியது மாதிரி இருந்தது அவருக்கு. அது எங்கிருந்து வருகிறது என்று அவருக்கு முதல் வாரத்திலேயே தெரியும். துருத்தியின் தலைப்பலகையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. அதன் மேல் ஒரு சின்ன மூடி. மூடியின் ஓரத்துத் தோல் நைந்து, பிசிர் பிசிராக நின்றது. துருத்தி நிரம்பியதும் மூடி லேசாகத் தூக்கிக்கொள்ளும், காற்று பீறிட்டு வெளியேறும், துருத்தி தாழும், மூடி விழும். அம்மாசி அங்கே நுரையைக் கொண்டுபோன போதெல்லாம், அது அப்புறம் ஆகட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

அப்புறம் என்பதும் ஒரு நாள் வந்துதானே தீர வேண்டும். விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கிற அறுப்பின் பண்டிகைக்கு ஆர்கன் வாசிப்பதாக ஏற்பாடு. சென்னைக்காரர் வந்து, மோட்டாரை மட்டாக ஓடவிட்டுக்கொண்டு, குழல் குழலாகச் சுதி சேர்த்துவிட்டுப் போய்விட்டார். துருத்திப் பக்கம் எட்டிப்பார்க்க அவருக்கு நேரமில்லை. பண்டிகைக்கு முதல் நாள் காலையில் அம்மாசி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

“ஏனுங்க மொதலாளி, அந்தப் பெரிய ஓட்டைய மட்டும் உட்டுட்டமுங்க. சந்து தெரிஞ்சா வண்டி வாசலத் தாண்டக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க?”

காளியண்ணன் சோறு தின்றது அந்தச் சட்டத்தால். ஊர்க்காரன் வண்டிக்கு ஒரு நியாயம், தன் தூக்கத்துக்கு ஒரு நியாயமா என்று மனசு குத்தியது. அம்மாசியை நகரச் சொல்லிவிட்டுத் தானே துருத்தியின் மேல் குனிந்தார். மூடியை இறக்கி, அதன் மேல் புதுத்தோலை விரித்து, தேக்குப் பலகை ஒன்றை வைத்துத் திருகாணிகளை முடுக்கினார். ஒவ்வொரு திருகாணிக்கும் அவர் உதடு என்னவோ முணுமுணுத்தது. மன்னிச்சுக்க அம்மிணி என்று அம்மாசி காதில் விழுந்திருந்தால், அவன் அதைத் திருகாணிக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டிருப்பான்.

மோட்டாரைப் போட்டார்கள். துருத்தி சத்தமே இல்லாமல் எழுந்தது. அம்மாசி குனிந்து காது வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். முகமெல்லாம் பல்.

“நின்னு போச்சுங்க. இன்னைக்குத்தான் சரியாச்சு.”

அந்த விடியற்காலையில் காளியண்ணன் நினைத்த அதே வார்த்தை, அப்படியே, இன்னொருவன் வாயிலிருந்து வருகிறது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்து டோர்கஸ் டீச்சர் வந்து ஆர்கன் முன்னால் உட்கார்ந்து, பண்டிகைப் பாட்டை ஆரம்பித்தார். எழும்பியது பாட்டு இல்லை. எல்லாக் குழலும் சேர்ந்து கழுத்தை நெரித்த குரலில் வீறிட்டன. டீச்சர் சுட்டுவிட்டது மாதிரி கையை எடுத்தார். பின்னால் மரம் நெரிகிற சத்தம் கேட்டது. துருத்தி அலமாரியின் கூரையை முட்டிக்கொண்டு நின்றது, அதன் மேலிருந்த இரும்புக் கட்டிகள் சரிந்தன. அடுத்த நொடி ஒரு மடிப்பு படாரென்று கிழிந்தது. டயர் வெடித்தால் குனிகிற பழக்கத்தில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே நேரத்தில் தரையில் படுத்தார்கள். புழுதி அடங்கியபோது டீச்சர் பின்கதவருகே நின்று தேக்குப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத யாருங்க அடைச்சது?”

“நாந்தானுங்க” என்றார் காளியண்ணன், தரையிலிருந்தபடியே. “ஒரு ஓட்டை பாக்கி இருந்துச்சுங்க.”

“அது ஓட்டை இல்லைங்க. காத்து மிஞ்சினா வெளிய போறதுக்குச் செஞ்சப்பவே வெச்ச வாசல். அது மூச்சு விடலைன்னா இது வெடிச்சிரும்.”

காளியண்ணன் எழுந்து உட்கார்ந்தார். பிறகு, சின்னப் பிள்ளை சந்தேகம் கேட்பது மாதிரிக் கேட்டார்.

“அப்ப அந்தச் சத்தம் நோவு இல்லைங்களா, டீச்சரம்மா?”

“நோவு இல்லைங்க. அது நல்லா இருக்குதுன்னுதான் அர்த்தம்.”

அவ்வளவுதான். காளியண்ணன் அந்தப் புழுதியிலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அம்மாசி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவர ஓடினான். கிழிந்த துருத்திக்காக அழுகிறார் என்று நினைத்து, ஒட்டிவிடலாம் என்று சமாதானம் சொன்ன டீச்சரிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். இழுப்பு, விடியற்காலை, புரண்டு படுத்தது, பின்பெஞ்சுத் தூக்கம் எல்லாம். மகளிடம்கூடச் சொல்லாதது. டீச்சர் கீழேயே உட்கார்ந்து கேட்டார். தேறுதல் சொல்கிறேன் என்று எதையும் சொல்லவில்லை. அது பெரிய உபகாரம்.

சாயங்காலத்துக்குள் மடிப்பை ஒட்டித் தேக்குப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். மூடியைத் திரும்பப் பொருத்தும்போதுதான் டீச்சர் கையை வைத்துத் தடுத்தார். சென்னைக்காரர் முதல் தடவை வந்தபோது எழுதிக்கொடுத்ததில் இந்த மூடியின் ஓரத்துத் தோலையும் மாற்றச் சொல்லியிருக்கிறது. புதுத்தோல் போட்டால் காற்று சத்தமில்லாமல் போகும். மாற்றிவிடலாமா என்று கேட்டார்.

காளியண்ணன் கையில் வெட்டி வைத்த புதுத்தோல் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தொழில்காரனாச் சொன்னா மாத்தோணுமுங்க” என்றார். ஆனால் தோலை மூடியின் பக்கம் கொண்டுபோகவில்லை.

டீச்சர் அந்தத் தோலை அவர் கையிலிருந்து வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். “பாட்டு நடக்கறப்ப அது யாருக்கும் கேக்கப் போறதில்லைங்க. பாடாதப்பத்தான் கேக்கும். பாடாத நேரத்துல அது மூச்சு விட்டா யாருக்கு என்ன? பழசே இருக்கட்டும்.”

மறுநாள் சர்ச் வாசலில் வாழைத்தாரும் பூசணியும் கரும்பும் கால் கட்டிய சேவல்களுமாக அறுப்பின் பண்டிகை களைகட்டியிருந்தது. காளியண்ணன் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, அம்மாசியோடு தன் வழக்கமான பின்பெஞ்சில் உட்கார்ந்தார். ஆர்கன் எழும்பியபோது பெஞ்சுக் கட்டை அவர் தொடைக்குக் கீழே அதிர்ந்தது. பெரிய குழல்கள் அடியில் நிலத்தை உழுதன. அடுப்பு ஊதிய குழல் எல்லோருக்கும் மேலே மினுங்கியது. முன்வரிசையில் வயசானவர்கள் பாடவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றார்கள். தெரியாத சாமிதான், தெரியாத பாட்டுதான். ஆனாலும் அத்தனை குழலுக்கும் போகிற மூச்சு எந்த நெஞ்சிலிருந்து போகிறது என்று அவருக்குத் தெரியும். அவருக்குப் பெருமையாக இருந்தது, பெண்டாட்டி நாலு பேர் முன்னால் பாடினால் இருக்குமே, அந்தப் பெருமை.

பாட்டு முடிந்து ஆயர் பிரசங்கத்துக்கு ஏறினார். பிரசங்க நேரத்தில் மோட்டாரை நிறுத்திவிடுவதுதான் முறை. டீச்சர் நிறுத்தவில்லை. நிசப்தமான சர்ச்சுக்குள், மெல்லிசாக ஒரு விசில், ஒரு சின்ன நிறுத்தம், ஒரு பெருமூச்சு. ஆயர் பேச்சை நிறுத்தி ஆர்கன் பக்கம் பார்த்தார். டீச்சர் மடியில் கையைக் கோத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயரும் புரிந்ததோ புரியவில்லையோ, குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு மேலே போனார். பின்பெஞ்சில் காளியண்ணனின் தலை மெதுவாகச் சாய்ந்தது.

ஆராதனை முடிந்தது. வெளியே பூசணியும் சேவலும் ஏலம் போய்க்கொண்டிருந்தன. சேவலுக்கு இரண்டு பேர் போட்டி போட்டுக் கத்தியதற்கும் அவர் அசையவில்லை. சுவிட்சை அணைக்க வந்த அம்மாசியை டீச்சர் கண்ணாலேயே நிறுத்தினார்.

“ஓடட்டும் தம்பி. அவரா எந்திரிக்கட்டும்.”

கலர்க் கண்ணாடி வெயில் அவர் வேட்டியிலிருந்து இறங்கித் தரைக்குப் போனது. தூக்கத்தில் காளியண்ணன் மறுபடி அந்தக் கூண்டுக்குள் இருந்தார். கும்மிருட்டு. தகரமெங்கும் வெளிச்சம் புள்ளி புள்ளியாக இறங்கிக்கொண்டிருந்தது, பக்கத்தில் முத்தாயம்மாள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவர் பையில் சாக்பீஸ் இருந்தது. எடுத்து, ஒரு வட்டமும் போடாமல் அவள் கையில் கொடுத்துவிட்டு, புரண்டு படுத்தார்.